கதவு ஸ்டிக்கரில் 29, டயர் கடையில் 36

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். 205/45ஆர்17 டயருக்கு முன்னாலும் பின்னாலும் காற்றழுத்தம் 200 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கும். பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் 29. புது டயர் மாட்டிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தபோது என் காரின் நான்கு டயர்களிலும் இருந்தது 36.

கடைக்கார அண்ணனிடம் கேட்டதற்கு, "ஸ்போட்ஸ் காடி தம்பி. காத்து டைட்டா இருந்தாத்தான் வளைவுல நிக்கும்," என்றார். அவர் கைக்கு நாள் முழுக்க வருவது எம்பிவி என்னும் பெரிய குடும்ப வண்டியும் பிக்கப்பும். இரண்டு டன் வண்டிக்குப் பழகிய கை, 1,100 கிலோ சொச்சம் எடையுள்ள இரண்டு சீட் காருக்கும் அதையே அடிக்கிறது. இன்னும் சில கடைகளில் டயரின் பக்கச் சுவரில் 'மேக்ஸ்' என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதற்குக் கொஞ்சம் கீழே அடிப்பார்கள். அது டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் காருக்கு எவ்வளவு தேவை என்பது டயர் செய்தவருக்குத் தெரியாது, கார் செய்தவருக்குத்தான் தெரியும்.

கோலாலம்பூரின் செந்தூலில் இருந்து வேலைக்கு டியூக் நெடுஞ்சாலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துமலை தாண்டி உலு யாம், எப்போதாவது சிப்பாங் பந்தயத் தடம். இந்த மூன்றுக்கும் ஒரே கார்தான். பக்கத்து சீட்டில் மனைவி. 36-ல் ஜாலான் ஈப்போவைக் கடந்த முதல் நாளே, "ஏங்க, இந்தக் காடிக்கு ஸ்பிரிங்கே வைக்கலியா?" என்று கேட்டுவிட்டாள். சரி, காற்றை மட்டும் மாற்றி எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கலாமென்று இறங்கினேன். ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்), ஸ்பிரிங், சக்கர அலைன்மென்ட் எதையும் தொடுவதில்லை என்பது நானே போட்டுக்கொண்ட விதி.

முதலில் காற்றை அளக்கும் கேஜ்

நம் ஊர் பெட்ரோல் நிலையங்களில் காற்று இலவசம். அதை அடிக்கும் மெஷின் சொல்லும் எண்ணை நம்பித்தான் பலரும் பல வருடம் ஓட்டுகிறார்கள். ஒரே காலைப் பொழுதில் ஒரே டயரை மூன்று நிலையங்களில் அளந்து பார்த்தால் மூன்று பதில் கிடைக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்து, தரையில் ஆயிரம் தடவை விழுந்த முனை அது, வேறென்ன செய்யும்? ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வித்தியாசத்தை ஆராயப் போகிறவனுக்கு அது ஆகாது.

காற்றைச் சிறிது சிறிதாக இறக்கும் பொத்தான் உள்ள டிஜிட்டல் கேஜ் ஒன்றை அறுபது வெள்ளி (ரிங்கிட்) சொச்சத்துக்கு வாங்கினேன். அது துல்லியமாகச் சரியா என்பதைவிட, எப்போதும் ஒரே கேஜால் அளக்கிறோமா என்பதே முக்கியம். கேஜ் அரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்டினாலும் எல்லா அளவிலும் அதே அரை பிஎஸ்ஐதானே கூடும்! காற்று ஏற்ற, காரோடு வந்த சின்ன கம்ப்ரசர் போதும். எம்எக்ஸ்-5 காரில் ஸ்பேர் டயர் கிடையாது, அதற்குப் பதிலாக ஓட்டை அடைக்கும் திரவமும் கம்ப்ரசரும்தான். நிதானமாக ஏறும், ஆனால் ஏறும்.

அளக்கும் நேரமும் விஷயம்தான். வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் கூடினால் டயரில் சுமார் ஒரு பிஎஸ்ஐ கூடும். கோலாலம்பூரில் விடியற்காலை 24, 25 டிகிரி, நடுப்பகலில் 33. கார் நகராமலே ஒன்றரை பிஎஸ்ஐ வித்தியாசம் இங்கேயே வந்துவிட்டது. வெயில் ஒரு பக்கம் மட்டும் விழும் இடத்தில் நிறுத்தினால் அந்தப் பக்கத்து இரண்டு டயர்களும் கூடுதலாகக் காட்டும், ஓட்டை இருக்கிறதோ என்று மற்ற பக்கத்தை வீணாகச் சந்தேகப்படுவோம். காண்டோவின் கீழ்த்தள கார் நிறுத்தம் இதற்கு நல்ல இடம். காலையில், சாவி திருப்பும் முன், அங்கேயே அளந்துவிடுவேன். இனி நான் சொல்லும் எண்கள், வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், இப்படி அளந்த குளிர்நிலை எண்கள்.

36-லிருந்து 24 வரை

சோதனைக்கு ஒரு சுற்று வைத்துக்கொண்டேன். தாமானுக்குள் இருக்கும் வேகத்தடைகள், ஜாலான் ஈப்போவின் ஒட்டுப்போட்ட தாரும் மேன்ஹோல் மூடிகளும், பிறகு அம்பாங் போகும் ஆக்லே மேம்பால நெடுஞ்சாலை. மேம்பாலம் எதற்கு என்றால், அதன் இணைப்பு இடைவெளிகள் சீரான தூரத்தில் வரும். ஒரே வேகத்தில் போனால் ஒவ்வொரு தடவையும் அதே அடி, அதே தாளம். ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி போனின் அதிர்வு உணரியைப் பதிவு செய்யும். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவானது. போனை சீட்டின் தண்டவாளத்தில் டேப் போட்டு ஒட்டினேன். கப் ஹோல்டரில் வைத்தால் போன் ஆடுவதைத்தான் அது அளக்கும்.

36-ல் மேம்பால இணைப்பு ஒவ்வொன்றும் முதுகெலும்பில் எண்ணிக்கை வைத்தது. ஸ்டியரிங்கோ, தொட்டால் திரும்பியது. கடைக்கார அண்ணன் சொன்ன 'டைட்' இதுதான். ஆனால் ஈரமான வளைவில் கொஞ்சம் வேகம் கூடியதும் முன்பக்கம் சத்தமில்லாமல் வெளியே வழுகியது. திரும்பும் சுறுசுறுப்பு வேறு, பிடி வேறு. காற்று கூடினால் பக்கச் சுவர் வளையாது, அதனால் ஸ்டியரிங் சொன்னது உடனே சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் தரையைத் தொடும் ரப்பர் குறைந்துவிடும். ஒரு சக்கரத்தின் மேல் ஆளோடு சேர்த்து 300 கிலோ என்று வைத்தால், 29 பிஎஸ்ஐயில் தொடு பரப்பு ஏறக்குறைய 147 சதுர சென்டிமீட்டர், 36-ல் 119. டயரின் உடற்கட்டும் கொஞ்சம் எடை தாங்குவதால் நிஜத்தில் வித்தியாசம் இவ்வளவு வராது. ஆனாலும் போகும் திசை அதுதான். நம் ஆட்களில் பாதிப்பேர் முதல் அரை விநாடியின் சுறுசுறுப்பைப் பிடி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

29-க்கு இறக்கியதும் அது வேறு கார். மேன்ஹோல் மூடியின் விளிம்பு, தார் ஒட்டின் முனை, இணைப்பு இடைவெளி எல்லாவற்றிலும் கூர்மை மழுங்கியது. போனில் பதிவான உச்ச அதிர்வுகளும் கண்ணுக்குத் தெரியும்படி குட்டையாகின. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் அதுவே பாராட்டு.

இங்கிருந்து கீழே போனால் இன்னும் சொகுசு கூடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். 27-ல் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். 26-ல் நேர்ச்சாலையிலேயே ஸ்டியரிங்கின் நடுப்பகுதி தொய்ந்தது. 24-ல் சின்னக் குழிகள் மங்கலாகக் கேட்டன, ஆனால் வேகத்தடையைத் தாண்டிய பிறகு கார் ஒரு தடவை கூடுதலாகக் குதித்தது. டயரும் ஸ்பிரிங்தான், அதற்குப் பின்னால் ஷாக் கிடையாது. ஆழமான ஒரு குழியில் ரிம்மின் விளிம்பை உணர்ந்த மாதிரி இருந்தது. 205/45 டயரின் பக்கச் சுவர் 205 மில்லிமீட்டர் அகலத்தில் 45 சதவீதம், அதாவது 92 மில்லிமீட்டர்தான். அதில் காற்றையும் குறைத்துக்கொண்டு கோலாலம்பூர் குழிகளில் இறங்குவது ரிம்முக்கு நல்லதல்ல. 24 சோதனை அன்றோடு முடிந்தது.

எனக்கு முதலில் புரியாமல் இருந்தது வேறு ஒன்று. நெடுஞ்சாலையில் பாலத்துக்கு முன்னால் தரை இறங்கியிருக்குமே, அந்த நீண்ட அலைகளில் கார் மேலும் கீழும் போவது 36-லும் 24-லும் ஒரே மாதிரி இருந்தது. போன் பதிவும் அதையே காட்டியது.

காகிதத்தில் போட்டுப் பார்த்ததும் விளங்கியது. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கும் டயரும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு ஸ்பிரிங்குகள். உதாரணத்துக்கு, சக்கரத்தில் உணரப்படும் சஸ்பென்ஷன் விறைப்பு ஒரு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன், டயரின் விறைப்பு 200 என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து 22.2. காற்றைக் குறைத்து டயரை 180-க்குக் கொண்டுவந்தால் 21.95. டயர் பத்து சதவீதம் மென்மையானால் மொத்தத்தில் மாறுவது ஒரு சதவீதம். அடுக்கில் எது மென்மையோ அதுதான் நாட்டாமை. காரின் உடல் விநாடிக்கு ஒன்றிரண்டு தடவை அசையும் அந்தப் பெரிய ஆட்டத்தில் டயருக்குப் பேச்சே இல்லை. சக்கரம் மட்டும் விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை துடிக்கும் கூர்மையான அடிகளில்தான் டயரின் விறைப்பு நேரடியாக நம் முதுகுக்கு வருகிறது.

ஆகவே உங்கள் கார் மேன்ஹோலில் 'டக்' என்று அடிக்கிறதா, டயர் காற்றைப் பாருங்கள். அலையில் தூக்கித் தூக்கிப் போடுகிறதா, காற்றைத் தொட்டுப் பிரயோஜனமில்லை, ஷாக்கைப் பாருங்கள். இரண்டையும் 'ரைடு சரியில்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லி டயர் கடைக்குப் போவதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

உலு யாம், மழை, சுண்ணக்கட்டி

பத்துமலையில் இருந்து ஜாலான் சுங்கை துவா வழியாக பத்து அணைக்கட்டைக் கடந்து உலு யாம் போகும் சாலை சைக்கிள்காரர்களுக்கும் குரங்குகளுக்கும் உரியது. கார்காரன் விருந்தாளி. அங்கே வேகம் காட்டப் போவதில்லை. வேகம் தேவையும் இல்லை, நடுத்தர வேகத்திலேயே வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் ஸ்டியரிங்கின் குணம் தெரிந்துவிடும்.

டயரின் தோள்பட்டையில் சுண்ணக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் தரையில் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். பல டயர்களில் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். கோடு அதற்குச் சற்று முன்பே நின்றால் காற்று அதிகம், அதைத் தாண்டிப் பக்கச் சுவருக்கு இறங்கினால் குறைவு. பைசா செலவில்லாத சோதனை. 29-ல் முன் டயரின் கோடு முக்கோணத்தின் முனையில் நின்றது. 26-ல் தாண்டிவிட்டது. பின் டயர்கள் இரண்டிலும் அவ்வளவாக இறங்கவில்லை, அதனால் பின்னால் ஒரு பிஎஸ்ஐ குறைத்து 28 வைத்துப் பார்த்தேன். சரளைத் தூள் கிடந்த ஒரு வளைவில் பின்பக்கம் முன்பைவிட அமைதியாக உட்கார்ந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் கோலாலம்பூர் டயர் கதை முடியாது. மாலை நாலு மணிக்கு மேல் கொட்ட ஆரம்பித்தால் நெடுஞ்சாலையின் இடது தடத்தில் தண்ணீர் ஓடும். நாசாவின் ஆய்வாளர்கள் 1960-களில் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் தந்தார்கள்: பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் வரும். கிலோமீட்டராக மாற்றினால் 33 பிஎஸ்ஐக்கு மணிக்குச் சுமார் 96, 29-க்கு 90, 24-க்கு 82. கார் டயருக்கு அதன் ரப்பரில் வெட்டிய பள்ளங்களின் ஆழமும் தண்ணீரின் ஆழமும் சேர்ந்து இந்த எண்ணை ஏற்றி இறக்கும் என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் காற்றைக் குறைத்தால் மிதக்கும் வேகமும் குறையும் என்பது நிச்சயம். நெடுஞ்சாலை வேக வரம்பான 110-ல் மழைக்குள் போகிறவர் மூன்றில் எந்த எண்ணில் இருந்தாலும் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறார். சொகுசுக்காகக் காற்றைக் குறைப்பவர்கள் நம் ஊரில் முதலில் யோசிக்க வேண்டியது இதை. குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் எண்ணை எடுத்து இங்கே ஒட்ட முடியாது.

சிப்பாங்கில்

5.543 கிலோமீட்டர் தடம், ஒவ்வொன்றும் வேறு குணமுள்ள 15 திருப்பங்கள். சாலையில் நான் தொடாத வேகம் இங்கே முதல் சுற்றிலேயே வந்துவிடும், அதனால் டயர் சூடும் வேறு கணக்கு. இங்கே குளிர்நிலை எண்ணுக்கு மரியாதை கிடையாது. சூடான பிறகு எவ்வளவு நிற்கிறது என்பதுதான் பேச்சு.

சாலை டயர்தான் மாட்டியிருந்தேன். 30 டிகிரியில் 26 பிஎஸ்ஐ வைத்த டயர், உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரியைத் தொட்டால் 33-க்கு அருகே வந்துவிடும். கணக்கு போடும்போது கேஜ் எண்ணோடு காற்று மண்டலத்தின் 14.7-ஐக் கூட்டி, வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விடை தப்பும். 29-ல் கிளம்பியிருந்தால் 36-ஐத் தாண்டியிருக்கும். அந்த எண்ணின் குணத்தைத்தான் ஏற்கெனவே பார்த்தோமே. நான்கிலும் 26 வைத்துக் கிளம்பினேன்.

தடத்தோரம் கார்கள் நிற்கும் பிட்டுக்குத் திரும்பியதும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கேஜை எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் எண் இறங்கிவிடும். அளந்தபோது இடது முன் டயர்தான் எல்லாவற்றையும்விட ஏறியிருந்தது. சிப்பாங் கடிகாரச் சுற்றில் ஓடும் தடம், வலப்பக்கத் திருப்பங்கள் அதிகம், அதனால் எடை இடப்பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். நான்கையும் சூட்டிலேயே 32-க்கு இறக்கினேன். இறக்கியபின் போன சுற்றுகளில் ஐந்தாவது, ஆறாவது வளைவுகள் இருக்கும் அந்த வேகமான இடது-வலது ஜோடியில் கார் நடுவழியில் நழுவுவது நின்றது. 36-ல் ஸ்டியரிங் புது உளி போல வெட்டும், 32-ல் அந்தக் கூர்மை கொஞ்சம் போய்விடும், ஆனால் எவ்வளவு பிடி மிச்சமிருக்கிறது என்பது கைக்கு முன்கூட்டியே தெரியும். என் போன்ற வார இறுதி ஓட்டுநருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

டயரின் உள், நடு, வெளி மூன்று இடங்களிலும் வெப்பம் பார்ப்பது நல்ல பழக்கம். நடுப்பகுதி மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரங்களும் சூடாக இருந்தால் குறைவு, உள் ஓரம் மட்டும் என்றால் அது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, காற்றைக் குற்றம் சொல்ல வேண்டாம். எம்சிஓ என்ற கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைக் கொண்டுவந்த ஒரு நண்பர், தன் டயருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அது மனித உடலின் வெப்பத்தைச் சுற்றியே படிக்கும், டயரின் சூட்டுக்குப் பிழை என்றுதான் காட்டும். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி வேண்டும். டயரின் மேற்பரப்பு சட்டென்று ஆறிவிடும் என்பதால் அதைவிடக் குத்தும் முனை உள்ள மானி இன்னும் நல்லது.

பலரும் மறப்பது இதற்குப் பிறகுதான். சூட்டில் 32-க்கு இறக்கிய டயர் ஆறினால் 25, 26-ல் வந்து நிற்கும், இடது முன் டயர் அதற்கும் கீழே. அப்படியே எலைட் நெடுஞ்சாலையில் ஏறி வீட்டுக்குப் போகக் கூடாது. காற்று குறைந்த டயர் தொடர் வேகத்தில் அதிகம் வளைந்து நெளிந்து உள்ளுக்குள் சூடாகும், அதுதான் டயர் வெடிப்பதற்கான வழி. தேநீர் குடித்து ஆறவிட்டு, கம்ப்ரசரை மாட்டி 29-க்கு ஏற்றிய பிறகே கிளம்பினேன்.

நைட்ரஜன் பற்றி ஒரு வார்த்தை

கடைகளில் டயருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பச்சை மூடி மாட்டிவிடுவார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடானால் அதுவும் காற்றைப் போலவே விரியும். நைட்ரஜனில் உண்மையான லாபம் அது உலர்ந்தது என்பது. நம் ஊர் ஈரக் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும், வடிக்காவிட்டால் அது டயருக்குள் வரும். டயருக்குள் சொட்டுத் தண்ணீர் இருந்தால், 30 டிகிரியில் 4 கிலோபாஸ்கல் இருந்த நீராவி அழுத்தம் 60 டிகிரியில் 20 ஆகும். அதாவது கணக்கில் வராத இரண்டு பிஎஸ்ஐக்கு மேல். தடத்தில் ஓட்டுபவருக்கு இது பொருட்டு. வேலைக்குப் போகும் காருக்கு, தொட்டியை ஒழுங்காக வடிக்கும் கடையைத் தேடிக்கொள்வதே போதும்.

இப்போது

எம்எக்ஸ்-5 டேஷ்போர்டில் பெட்டி கிடையாது. சீட்டுகளுக்கு நடுவே பின்னால் ஒரு சின்ன அறை உண்டு, அதன் மூடியின் உட்புறம் டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்: தனியாக, ஊருக்குள் என்றால் முன் 29, பின் 28. இரண்டு பேரும் பைகளுமாக ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போனால் நான்கிலும் 30. மழைக்காலத்தில் ஊருக்குள்ளும் 30. தடத்துக்கு 26-ல் கிளம்பி, சூட்டில் 32. மாதத்தில் இரண்டு தடவை அளந்துகொள்கிறேன், எப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்கிறது.

இந்த எண்கள் இதே அளவு டயருக்குத்தான். கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது 84 சுமைக் குறியீட்டில், அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ. இப்போது கடைகளில் கிடைப்பதில் பல 88, கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகை. அதன் பக்கச் சுவர் கொஞ்சம் தடிமன், அதே 29-லும் சற்று விறைப்பாகத்தான் இருக்கும். டயரை மாற்றினால் சுண்ணக்கட்டியை மறுபடி எடுக்க வேண்டும்.

சொகுசு இன்னும் வேண்டுமென்றால் காற்றில் இனி எடுக்க ஒன்றுமில்லை. 205/50ஆர்16 டயருக்கு மாறினால் பக்கச் சுவர் 92-லிருந்து 102 மில்லிமீட்டராகும், மொத்த விட்டம் 616-லிருந்து 611, ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட மாறாது. அந்தப் பத்து மில்லிமீட்டர் ரப்பர், காற்றில் மூன்று பிஎஸ்ஐ குறைப்பதைவிட அதிகம் தரும், ஸ்டியரிங்கையும் அவ்வளவு தொய்ய விடாது. 17 அங்குலம் பார்க்க அழகு என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் பழைய 16 அங்குல ரிம் ஒரு செட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முன்சக்கரத்தில் ஒன்றை மாட்டி, பிரேக் காலிப்பரில் இடிக்காமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம்.